ஈவ் ஆன்லைனில் முதல் சண்டைக்குத் தயாராவது: புதியவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

ஐஸ்லாந்து நாட்டின் சி.சி.பி. கேம்ஸ் நிறுவனம் 2003ஆம் ஆண்டு மே மாதம் வெளியிட்ட ஈவ் ஆன்லைன் என்ற விண்வெளி விளையாட்டைத் தண்டையார்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் கொளத்தூரிலும் எனக்குத் தெரிந்த இளைஞர்கள் சிலர் புதிதாகத் தொடங்கியிருக்கிறார்கள். தாது வெட்டுவது, சரக்கு ஏற்றுவது, கணினி இயக்கும் கொள்ளையரைச் சுடுவது என்று சில வாரங்கள் கழிந்ததும் எல்லோரும் ஒரே கேள்விக்கு வந்துசேர்கிறார்கள்: இன்னொரு மனிதர் ஓட்டும் கப்பலோடு மோத எப்படித் தயாராவது? அதற்கான விடையை முதலிலிருந்து வரிசையாக இங்கே எழுதுகிறேன்.

கைவேகத்தால் வெல்லும் சுடும் விளையாட்டுகளில் பழகியவர்கள் முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஈவ் ஆன்லைனின் சர்வர் விநாடிக்கு ஒருமுறைதான் கப்பல்களின் நகர்வைக் கணக்கிடுகிறது. ஆகவே லண்டனில் இருக்கும் சர்வருக்கும் திருவொற்றியூரில் இருக்கும் உங்கள் கணினிக்கும் இடையிலான தாமதம் உங்களைத் தோற்கடிக்கப்போவதில்லை. எந்தக் கப்பல், எந்த இடம், எவ்வளவு தூரம், எதிரே யார் என்ற நான்கையும் முதல் குண்டு பாய்வதற்கு முன்பே யார் சரியாகத் தீர்மானித்தாரோ அவர் பக்கமே பெரும்பாலான சண்டைகள் சாய்கின்றன. அதனால்தான் இந்த வழிகாட்டியில் சண்டையைவிட அதற்கு முந்தைய வேலைகளைப் பற்றி அதிகம் எழுதியிருக்கிறேன்.

முதல் படி: இழப்பைக் கணக்கில் எழுதிவிடுவது

இந்த விளையாட்டில் வெடித்த கப்பல் வெடித்ததுதான். அது திரும்பி வராது. அதில் பொருத்தியிருந்த மாட்யூல்களில் (துப்பாக்கி, எஞ்சின் போன்ற கருவிகளில்) சில அழிந்துபோகும், மிஞ்சியதை வென்றவர் அள்ளிக்கொண்டு போவார். 2014 ஜனவரியில் பி-ஆர்5ஆர்பி என்ற சூரிய மண்டலத்தில் நடந்த பெரும்போரில் மட்டும் டைட்டன் என்ற மிகப் பெரிய வகைக் கப்பல்கள் 75 அழிந்தன. அந்தப் போரின் மொத்தச் சேதத்தை ஏறத்தாழ மூன்று லட்சம் டாலர் என்று மதிப்பிட்டார்கள். உங்கள் சண்டை அந்த அளவில் இருக்காது என்றாலும் விதி ஒன்றே. ஆகவே இழந்தால் மனம் பதறாத விலையில் ஒரு கப்பலைத் தேர்ந்தெடுத்து, ஒரே மாதிரியாகப் பத்துக் கப்பல்களை மாட்யூல்களோடும் குண்டுகளோடும் மொத்தமாக வாங்கி அடுக்கிவையுங்கள். பத்தும் போகப்போகின்றன என்று வாங்கும்போதே எழுதிவிட்டால் ஆறாவது கப்பலில் உங்கள் கை நடுங்குவது நிற்கும். அதன் பிறகுதான் கண் திரையைச் சரியாகப் பார்க்கத் தொடங்கும்.

இதற்கு உண்மைப் பணம் ஒரு ரூபாய்கூடத் தேவையில்லை. 2016 நவம்பர் முதல் ஆல்ஃபா என்ற இலவசக் கணக்கில் விளையாட முடிகிறது. அதில் 50 லட்சம் ஸ்கில் புள்ளிகள் வரை பயிற்சி பெறலாம். சிறிய கப்பல்களில் சண்டையிட அது தாராளமாகப் போதும். பெற்றோர் சம்பாதித்த பணத்தில் பிளெக்ஸ் என்ற விளையாட்டுப் பொருளை வாங்கி, அதை உள்ளே விற்று விலையுயர்ந்த கப்பலில் ஏறிச் சண்டை கற்க நினைப்பவர்களிடம் நான் உறுதியாகச் சொல்வேன்: வேண்டாம். விலையுயர்ந்த கப்பல் பாடத்தை வேகமாகக் கற்பிப்பதில்லை, இழப்பைத்தான் பெரிதாக்குகிறது. விளையாட்டுக்குள் சம்பாதித்த ஐ.எஸ்.கே. நாணயத்தில் வாங்க முடிந்த கப்பலே உங்கள் கப்பல்.

உங்கள் கப்பல் வெடித்ததும் நீங்கள் பாட் என்ற சிறு கூட்டுக்குள் மிதப்பீர்கள். அதையும் உடைத்தால் நீங்கள் குளோன் என்ற மாற்று உடலில் கண் விழிப்பீர்கள்; திறனைக் கூட்டத் தலையில் பொருத்தியிருந்த இம்பிளான்ட்கள் மட்டும் போய்விடும். விலையுயர்ந்த இம்பிளான்ட்கள் இருந்தால் அவற்றை ஜம்ப் குளோன் என்ற இன்னோர் உடலில் பத்திரமாக விட்டுவிட்டு, வெறுந்தலையோடு சண்டைக்குப் போங்கள்.

இரண்டாம் படி: சட்டம் எங்கே எப்படி மாறுகிறது

ஒவ்வொரு மண்டலத்துக்கும் ஒரு பாதுகாப்பு எண் உண்டு. 1.0 முதல் 0.5 வரை ஹைசெக். அங்கே சட்டத்தை மீறிச் சுட்டால் கான்கார்ட் காவல்படை வந்து உங்கள் கப்பலை அழிக்கும், தப்ப வழியே இல்லை. ஆனால் கான்கார்ட் தண்டனை தருமே தவிர உங்களைக் காப்பாற்றாது என்பதையும் நினைவில் வையுங்கள். 0.4 முதல் 0.1 வரை லோசெக். அங்கே கான்கார்ட் வராது, ஆனால் மண்டலங்களை இணைக்கும் ஸ்டார்கேட்டுக்கும் ஸ்டேஷனுக்கும் அருகில் உள்ள காவல் பீரங்கிகள் சட்டத்தை மீறித் தாக்குபவரைச் சுடும். 0.0க்கும் அதற்குக் கீழும் நல்செக். அங்கே எந்தச் சட்டமும் கிடையாது, வார்ப் செய்யவிடாமல் (ஒளியைவிட வேகமாகப் பாய்ந்து விலகவிடாமல்) ஒரு பெரும் வட்டத்தையே அடைக்கும் பபிள்களும் உண்டு. புதியவருக்கு லோசெக்கைத்தான் பரிந்துரைப்பேன். அங்கே பபிள் கிடையாது என்பதால் கப்பல் போனாலும் பாட்டைக் காப்பாற்றிக்கொள்ளலாம்.

இரண்டு கடிகாரங்களை மனத்தில் பதியவையுங்கள். நீங்கள் ஓர் ஆட்டக்காரர் மீது ஆயுதத்தை இயக்கிய நொடியிலிருந்து 60 விநாடிகளுக்கு ஸ்டேஷனுக்குள் டாக் செய்யவோ கேட்டைக் கடக்கவோ முடியாது. இன்னொரு ஆட்டக்காரரோடு மோதிய பிறகு 15 நிமிடங்களுக்கு, நீங்கள் விளையாட்டை மூடினாலும் உங்கள் கப்பல் விண்வெளியிலேயே நிற்கும். மழைக்காலத்தில் மின்சாரம் போய்போய் வரும் நம் பகுதிக்கு இந்த இரண்டாவது கடிகாரம் மிக முக்கியம். இணைப்பு அறுந்தால் கப்பல் தானாகவே வார்ப் செய்து விலக முயலும். ஆனால் எதிரி உங்களைப் பிடித்து வைத்திருந்தால் அது நகராது. கணினிக்கு யு.பி.எஸ். வைத்திருப்பவர்கள் பலர் ரவுட்டரை அதில் இணைப்பதில்லை. அதையும் இணைத்துவிடுங்கள்.

மூன்றாம் படி: ஃபிரிகேட், ஒரே ஃபிரிகேட்

தொடக்கத்தில் ஃபிரிகேட் என்ற சிறிய கப்பல் வகையைத் தாண்ட வேண்டாம். விலை குறைவு, வேகம் அதிகம், சண்டை ஓரிரு நிமிடங்களில் முடிந்துவிடும். ஒரே மாலையில் பல பாடங்கள் கிடைக்கும். கைகலப்புக்கு இன்கர்சஸ் நல்ல தேர்வு. ஹைபிரிட் துப்பாக்கியின் சேதத்துக்கும் ஆர்மர் என்ற கவசத்தின் பழுதுபார்ப்புக்கும் அதற்குக் கூடுதல் பலம் உண்டு. மெர்லினும் ஹைபிரிட் துப்பாக்கிக் கப்பல்தான், ஆனால் ஷீல்டு என்ற ஆற்றல் கேடயத்தை நம்பி நிற்கும். ரிஃப்டரின் புரொஜெக்டைல் துப்பாக்கிகளுக்குக் கப்பலின் மின்கலமான கெப்பாசிட்டரின் மின்சாரம் தேவையில்லை. தொலைவிலிருந்து ஏவுகணை விட நினைப்பவருக்குக் கெஸ்ட்ரல், டிரோன்களை நம்புபவருக்கு டிரிஸ்டன். இவற்றில் எது சிறந்தது என்ற விவாதத்தில் நேரத்தைச் செலவழிக்காமல் ஒன்றை எடுத்துக்கொண்டு குறைந்தது பத்து முறையாவது அதையே ஓட்டுங்கள்.

பயிற்சியிலும் இதே நிதானம் வேண்டும். எளிய ஸ்கில் ஒன்றை நான்காம் நிலைக்குக் கொண்டுவர 45,255 புள்ளிகள் போதும். ஐந்தாம் நிலைக்கோ 2,56,000 புள்ளிகள் வேண்டும். ஒரு ஸ்கில்லை உச்சிக்குக் கொண்டுபோகும் செலவில் ஐந்து ஸ்கில்களை நான்காம் நிலைக்குக் கொண்டுவந்துவிடலாம். துப்பாக்கி, கப்பல் ஓட்டம், கெப்பாசிட்டர், ஷீல்டு அல்லது ஆர்மர், மாட்யூலைச் சூடேற்ற உதவும் தெர்மோடைனமிக்ஸ் ஆகியவற்றை முதலில் பரவலாக உயர்த்துங்கள்.

நான்காம் படி: ஃபிட்டிங்

சண்டைக் கப்பலின் ஃபிட்டிங், அதாவது அதில் பொருத்தும் மாட்யூல்களின் தொகுப்பு, நான்கு கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டும்: எதிரியை எப்படி நெருங்குவேன், எப்படிப் பிடிப்பேன், எதனால் அடிப்பேன், எவ்வளவு நேரம் தாங்குவேன். இவற்றில் ஒன்றுக்கு விடை இல்லாவிட்டாலும் அந்தக் கப்பலைச் சண்டைக்கு எடுக்காதீர்கள்.

ஷீல்டும் ஆர்மரும் சேர்ந்த கலவை வேண்டாம். ஒன்றை மட்டும் பலப்படுத்துங்கள். சேதம் மின்காந்தம், வெப்பம், மோதல், வெடிப்பு என்று நால்வகைப்படும். பொதுவாக ஷீல்டு மின்காந்தத்துக்கு இளகும், ஆர்மர் வெடிப்புக்கு இளகும். லேசர் துப்பாக்கிகள் மின்காந்தமும் வெப்பமும் தரும், ஹைபிரிட் துப்பாக்கிகள் மோதலும் வெப்பமும் தரும். புரொஜெக்டைலிலும் ஏவுகணையிலும் குண்டை மாற்றிச் சேதத்தின் வகையை நீங்களே தேர்ந்தெடுக்கலாம். இதை நன்றாகப் பதியவைத்துக்கொண்டால் எதிரியின் கப்பல் பெயரைப் பார்த்ததுமே எந்தக் குண்டு போட வேண்டும் என்று கை தானாகவே தேடும். விளையாட்டுக்குள்ளேயே ஃபிட்டிங்கைச் சோதித்துப் பார்க்கும் வசதி உண்டு. பைஃபா என்ற இலவச மென்பொருளும் அதே வேலையைச் செய்யும். இன்னொருவர் ஃபிட்டிங்கை அப்படியே எடுத்துக்கொள்வதில் தவறில்லை. ஆனால் அதில் உள்ள ஒவ்வொரு மாட்யூலும் எதற்காக அங்கே இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்ல முடிகிறதா என்று பார்த்துவிட்டுப் பிறகு வாங்குங்கள்.

ஐந்தாம் படி: தூரம்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியை இரண்டு முறை படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள்.

வார்ப் டிஸ்ரப்டர் மாட்யூலின் இரண்டாம் தரம் 24 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் கப்பலையும் தப்பவிடாமல் பிடிக்கும். ஸ்கிராம் என்று எல்லோரும் சுருக்கி அழைக்கும் வார்ப் ஸ்கிராம்ப்ளரின் இரண்டாம் தரத்துக்கு எட்டுவது 9 கிலோமீட்டர்தான். ஆனால் அது எதிரியை அதிவேகமாக ஓடவைக்கும் மைக்ரோவார்ப்டிரைவையும் சேர்த்து அணைத்துவிடும். குறைந்த வேகம் தரும் ஆஃப்டர்பர்னரை ஸ்கிராமால் அணைக்க முடியாது. ஸ்டேசிஸ் வெப் 10 கிலோமீட்டருக்குள் இருக்கும் கப்பலின் வேகத்தைப் பாதிக்கு மேல் குறைக்கும். இந்த மூன்று வரிகளிலிருந்தே ஃபிரிகேட் சண்டையின் எல்லா உத்திகளும் பிறக்கின்றன.

ராயபுரம், புளியந்தோப்புப் பக்கம் குத்துச்சண்டை பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. நீண்ட கை உள்ளவர் இடக்கையை நீட்டி நீட்டியே எதிராளியை எட்ட நிறுத்துவார். குட்டைக் கைக்காரர் குனிந்து உள்ளே புகுந்து விலாவை நோக்குவார். யாருடைய தூரத்தில் ஆட்டம் நடக்கிறதோ அவருக்கே புள்ளி. மைக்ரோவார்ப்டிரைவும் டிஸ்ரப்டரும் பொருத்திய கப்பல் 20 கிலோமீட்டருக்கு அப்பால் நின்று சுடப் பார்க்கும். அருகில் மட்டுமே எட்டும் பிளாஸ்டர் துப்பாக்கிக் கப்பலோ ஸ்கிராம், வெப் இரண்டையும் போட்டு ஒட்டிக்கொண்டு அடிக்கப் பார்க்கும். இந்த இரண்டுக்கும் நடுவே மூன்றாவது வகை ஒன்று உண்டு: 7, 8 கிலோமீட்டரில் ஸ்கிராமைப் போட்டுக்கொண்டு, பிளாஸ்டர் எட்டாத தொலைவிலேயே ஆஃப்டர்பர்னரோடு சுற்றுவது. புதியவர்கள் பலர் வீழ்வது இந்த மூன்றாவது வகையிடம்தான். பிடித்துவிட்டோம் என்று எண்ணிக்கொண்டிருக்கும்போதே அவர்களுடைய குண்டு எதிரியைத் தொடாமல் போகும்.

குண்டு தொடுவதற்கும் கணக்கு உண்டு. துப்பாக்கிக்கு ஆப்டிமல் என்ற சிறந்த தூரமும் அதற்கு மேல் ஃபாலாஃப் என்ற தேயும் தூரமும் இருக்கும். இரண்டையும் கூட்டினால் வரும் தொலைவில், எதிரி அசையாமல் நின்றால்கூடப் பாதிக் குண்டுகள் தவறும். எதிரி உங்களைச் சுற்றிச் சுழலும் கோணவேகம் துப்பாக்கி திரும்பும் வேகத்தைத் தாண்டினால் அருகில் இருந்தாலும் தவறும். ஏவுகணை தவறாது, ஆனால் சிறிய, வேகமான கப்பல் மீது அதன் சேதம் குறையும். ஆகவே பயணம் கிளம்பும் முன், உங்கள் துப்பாக்கிக்கு இப்போது போட்டிருக்கும் குண்டில் எட்டும் தூரம் எவ்வளவு, மாற்றுக் குண்டில் எவ்வளவு என்ற இரண்டு எண்களையும் காகிதத்தில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டிவையுங்கள். கைகள் படபடக்கும் நேரத்தில் நினைவு கைகொடுக்காது, காகிதம் கைகொடுக்கும்.

ஆறாம் படி: திரையும் விசைகளும்

சுற்றியுள்ளவற்றைக் காட்டும் ஓவர்வியூ பட்டியலிலிருந்து தேவையற்றதை நீக்கி, சண்டைக்கென்று தனித் தாவல் ஒன்று வையுங்கள். தூரம், வேகம், கோணவேகம் ஆகிய பத்திகள் அதில் தெரிய வேண்டும். கியூ விசையை அழுத்தியபடி எதிரியைச் சொடுக்கினால் நெருங்கலாம், டபிள்யூ விசையால் சுற்றலாம், ஈ விசையால் தூரத்தைக் காக்கலாம், எஸ் விசையால் வார்ப் செய்யலாம். சுற்றும் தூரத்தையும் காக்கும் தூரத்தையும் உங்கள் துப்பாக்கிக்கு ஏற்ப முன்கூட்டியே அமையுங்கள். அமைப்பு சரியில்லாவிட்டால் கப்பல் வேறெங்கோ போய் நிற்கும்.

நண்பர் ஒருவர் இருந்தால் ஹைசெக்கிலேயே டூயல் அழைப்பு விடுத்துச் சட்டப்படி மோதிப் பழகலாம். துப்பாக்கியை இயக்காமல், ஒருவர் தப்ப முயல, மற்றவர் ஸ்கிராமும் வெப்பும் போட்டுத் தூரத்தைக் காக்க வேண்டும் என்று மட்டும் வைத்துக்கொண்டு அரைமணி நேரம் ஆடிப்பாருங்கள். பிறகு இடம் மாறி ஆடுங்கள்.

ஏழாம் படி: பார்ப்பது

லோக்கல் என்ற அரட்டைப் பட்டியலில் அந்த மண்டலத்தில் உள்ள அனைவரும் தெரிவார்கள். வார்ம்ஹோல் போன்ற சில பகுதிகளில் மட்டும் பேசாதவர் தெரியமாட்டார். டி-ஸ்கேன் என்ற தேடுகருவி 14.3 வானியல் அலகு (பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள இடைவெளி ஓர் அலகு) தூரம் வரை உள்ள கப்பல்களைக் காட்டும், மறைந்திருப்பவை தவிர. கோணத்தை 360இலிருந்து 5 பாகை வரை குறுக்கலாம். குறுக்கி ஒரு கோளை நோக்கித் திருப்பினால் கப்பல் அங்கேதான் இருக்கிறதா என்று தெரியும்.

இது எப்படி வேலை செய்கிறது என்று எங்கள் தெருத் தம்பி ஒருவனோடு உட்கார்ந்திருந்தபோது நடந்ததைக் கொண்டே சொல்கிறேன். “அண்ணா, ஒரே ஒரு மெர்லின்தான் இருக்குது, உள்ள போட்டுமா?” என்று அவன் கேட்டான். “லோக்கல்ல எத்தினி பேரு, பாத்தியா?” என்றேன். நான்கு பேர். 360 பாகையில் ஸ்கேன் செய்தோம்: மெர்லின் ஒன்று, டிரிஸ்டன் ஒன்று. 5 பாகைக்குக் குறுக்கி, மெர்லின் நின்ற காம்ப்ளெக்ஸ் (பேரரசுப் போரில் கைப்பற்றும் சிறு களம்) மீது திருப்பினோம்: இரண்டும் அங்கேதான் இருந்தன. மெர்லினை ஓட்டுபவரின் விவரத்தைத் திறந்ததும் அவருடைய கார்ப்பரேஷன் என்ற ஆட்டக்காரர் குழுவின் பெயர் தெரிந்தது. லோக்கலில் இன்னொருவரும் அதே கார்ப்பரேஷன். தம்பி வார்ப் செய்யவில்லை. ஒரு நிமிடம்கூட ஆகாத இந்த விசாரணையை ஒவ்வொரு முறையும் செய்யுங்கள். அவகாசம் இருந்தால் கப்பல் இழப்புகளைப் பதியும் இசட்-கில்போர்டு தளத்தில் அவர் பெயரைத் தேடி, அண்மையில் எந்தக் கப்பலை எந்த ஃபிட்டிங்கோடு இழந்தார், தனியாகச் சண்டையிடுபவரா, கூட்டத்தோடு வருபவரா என்றும் பாருங்கள்.

எட்டாம் படி: எங்கே, எப்போது

ஃபேக்ஷன் வார்ஃபேர் என்ற பேரரசுப் போர்தான் புதியவருக்கு உகந்த களம். அங்குள்ள சிறிய காம்ப்ளெக்ஸ்களின் நுழைவு கேட் பெரிய கப்பல்களை உள்ளே விடாது. எதிர்ப்படையினரைச் சுடுவதும் சட்டப்படி சரி. கால்டாரியும் கலாண்டேயும் ஒரு போரில் தமக்குள் மோதுகின்றன, அமாரும் மின்மட்டாரும் இன்னொரு போரில் தமக்குள் மோதுகின்றன. சேரும் முன் ஒன்றை யோசியுங்கள்: எதிரிப் பேரரசின் ஹைசெக்கில் அதன் கடற்படை உங்களைத் துரத்தும். பெரும் சந்தையான ஜீட்டா கால்டாரி நிலத்தில் இருக்கிறது. கலாண்டே படையில் சேரப்போகிறவர் அந்தப் பத்துக் கப்பல்களை முன்னதாகவே வாங்கிவிடுவது நல்லது.

காம்ப்ளெக்ஸுக்குள் முதலில் போய் நிற்பவருக்கே சாதகம், ஏனென்றால் பின்னால் வருபவர் எங்கே வந்து இறங்குவார் என்பது தெரிந்ததே. கைகலப்புக் கப்பல் என்றால் அந்த இடத்திலேயே நில்லுங்கள். தொலைவுக் கப்பல் என்றால் உங்கள் தூரத்துக்கு விலகி நில்லுங்கள்.

சர்வர் தினமும் நம் நேரப்படி மாலை 4.30 மணிக்குச் சிறிது நேரம் நிற்கும். அதன் பிறகு, வேலை முடிந்து வீடு திரும்பும் மாலை 7 மணியளவில் ஐரோப்பாவில் பிற்பகல். கூட்டம் மிதமாக இருக்கும், தனியாளும் தனியாளும் மோத ஏற்ற வேளை. இரவு 11.30க்கு மேல் ஐரோப்பியர் பெருமளவில் வருவார்கள். சண்டைகள் நிறையக் கிடைக்கும், கூட்டமாக வரும் எதிரிகளும் நிறையக் கிடைப்பார்கள்.

ஒன்பதாம் படி: மோதும்போது

இறங்கியதும் மைக்ரோவார்ப்டிரைவையோ ஆஃப்டர்பர்னரையோ இயக்குங்கள், எதிரியை லாக் செய்யுங்கள், ஸ்கிராமும் வெப்பும் போடுங்கள், பிறகு சுடுங்கள். பிடிக்காமல் சுட்டால் எதிரி தோற்கும் நிலையில் ஓடிவிடுவார். ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி மாட்யூலைச் சொடுக்கினால் அது சூடேறிக் கூடுதலாக உழைக்கும்; ஸ்கிராம் சூடேறினால் எட்டும் தூரமும் கூடும். அதிக நேரம் சூடாக விட்டால் கருகிப்போகும் என்பதால் நெருங்கும் நொடியில் ஏற்றி, பிடித்ததும் இறக்குங்கள்.

பிறகு உங்கள் கண் இரண்டு இடங்களில் இருக்க வேண்டும்: தூரத்தைக் காட்டும் எண், இருவரின் கப்பல் நிலை. உங்கள் கப்பலின் உட்கட்டமைப்பு பாதிக்குக் கீழே இறங்கிவிட்டால் கோள் ஒன்றைத் தேர்ந்து வார்ப் கட்டளையை விடாமல் அழுத்திக்கொண்டே இருங்கள். கப்பல் வெடித்த மறுகணமே பாட் அங்கிருந்து கிளம்பிவிடும்.

பத்தாம் படி: முடிந்த பிறகு

வென்றவருக்கு லோக்கலில் ஜி.எஃப். (குட் ஃபைட், அதாவது நல்ல சண்டை) என்று எழுதுவது அங்குள்ள மரியாதை. “நான் புதியவன், எங்கே தவறினேன்?” என்று தனியாகக் கேட்டால் பெரும்பாலோர் பொறுமையாகப் பதில் சொல்கிறார்கள், சிலர் கப்பல் வாங்க ஐ.எஸ்.கே.யும் அனுப்புகிறார்கள். 2004 முதல் புதியவர்களுக்குக் கற்பித்துவரும் ஈவ் யுனிவர்சிட்டி போன்ற கார்ப்பரேஷனில் சேர்ந்தால் வகுப்புகளும் துணைக்கு ஆட்களும் கிடைக்கும். நம் ஊர் நண்பர்கள் நான்கைந்து பேர் சேர்ந்து ஒரே நேரத்தில் ஆடுவதும் நல்லதே, ஆனால் தனியாக மோதும் பழக்கத்தை அதற்காக விட்டுவிட வேண்டாம்.

ஒவ்வொரு இழப்புக்கும் கில்மெயில் என்ற அறிக்கை வரும். அதைத் திறந்து, உங்களுக்கு எந்த ஆயுதத்தால் எவ்வளவு சேதம் வந்தது, எத்தனை பேர் அடித்தார்கள் என்று பாருங்கள். சண்டை எந்தத் தூரத்தில் நடந்தது, அந்தத் தூரத்தை யார் தீர்மானித்தார் என்று ஒரு நோட்டில் இரண்டு வரி எழுதுங்கள். பத்துக் கப்பல்களும் தீர்ந்ததும் அந்த நோட்டைப் படித்துவிட்டு அடுத்த பத்தை வாங்குங்கள். அப்போது ஃபிட்டிங்கில் ஒரே ஒரு மாட்யூலை மட்டும் மாற்றுங்கள். ஒரே சமயத்தில் மூன்றை மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்று பிரித்தறிய முடியாது.